உறுதிக்கு இருக்கிற ஒழுங்கு வழக்குக் கோப்புக்கு ஏன் இல்லை?

கடந்த பரீட்சை விடுமுறையில் நாங்கள் இரண்டு பேர் யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் ஆறு கிழமை வேலை செய்தோம். நாங்கள் சட்டம் படிப்பவர்கள் இல்லை. இருவரும் கலைப்பீடம். ஒருவருக்கு வரலாறு, மற்றவருக்குத் தமிழ். எங்களுக்குத் தந்த வேலையும் சட்ட வேலை இல்லை. அலுமாரிக்குள், மேசைக்குக் கீழ், யன்னல் கட்டில், பழுதாய்ப்போன ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் என்று கிடந்த வழக்குக் கோப்புகளை எடுத்து, தூசி தட்டி, ஒரு பட்டியலில் பதிவதுதான் வேலை. கோப்புகள் ஆயிரத்தைத் தாண்டும்.

இந்த வேலை வந்ததுக்கு ஒரு காரணம் இருந்தது. முப்பது வருசத்துக்கு மேல் அங்கே இருந்த கிளாக்கர் ஐயா வருத்தம் வந்து வீட்டோடு நின்றுவிட்டார். அவர் இருந்தவரைக்கும் அந்த அலுவலகத்தில் ஒரு கோப்பும் காணாமல் போனதில்லையாம். அவர் நின்ற பிறகுதான் எந்தக் கோப்பு எங்கே என்பது வேறு ஒருவருக்கும் தெரியாது என்று தெரிந்தது. சேர் ஒரு மென்பொருள் வாங்க யோசித்தார். மென்பொருளுக்குள் ஏற்றுவதென்றால் முதலில் என்னென்ன கிடக்கிறது என்று தெரியவேண்டும். அதுக்குத்தான் நாங்கள்.

முதல் கிழமையே ஒரு அம்மா வந்தார். மல்லாவிப் பக்கம். விடியப்பறம் பஸ் ஏறி வந்தவர்.

"தம்பி, என்ர பைல் கிடக்குதோ?"

நாங்கள் தேடினோம். சேரும் தேடினார். இல்லை. "அம்மா, அடுத்த தவணைக்கு முதல் எடுத்து வைக்கிறம்" என்று சொல்லி அனுப்பினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையில் வைத்திருந்த சொப்பிங் பையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டு போனார். அந்தத் தவணைக்கும் கிடைக்கவில்லை. திகதி தள்ளிப்போனது. (அவர் யாரென்று தெரியாமல் இருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். ஏன் என்பது கீழே வரும்.)

அந்தக் கோப்புக்குள் என்ன இருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. 1995இல் வலிகாமத்தில் இருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன குடும்பம். காணியையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சொந்தக்காரர் ஒருவரிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இருந்தவர் இது இப்ப என்ர காணி என்கிறார்.

இலங்கையில் ஒருவர் இன்னொருவரின் காணியை 10 வருசம் இடையூறில்லாமல், உரிமையாளரின் உரிமையை ஏற்காமல், தன்னுடையதாகவே ஆண்டால் ஆட்சியுரிமை கேட்கலாம். 1871ஆம் ஆண்டு முதல் இருக்கிற சட்டம் அது. போரால் தன் காணிக்குத் திரும்பி உரிமை கேட்க முடியாமல் போனவர்களுக்கு இது பெரிய அநியாயமாக இருந்தபடியால், 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கும், வழக்குப் போட 2 வருச அவகாசத்துக்கும் அது வழி செய்தது. இந்த அம்மாவின் வழக்கு அந்த அவகாசத்துக்குள் போடப்பட்டது.

ஆனால் சட்டம் வழி விட்டால் மட்டும் காணாது. எனக்கு வரமுடியாமல் இருந்தது என்பதை அவர் காட்டவேண்டும். அதுக்குக் கிராம அலுவலரின் கடிதம், நிவாரண அட்டை, பிள்ளையை வன்னியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பத்திரம். எல்லாத்துக்கும் மேலாக அந்தச் சொந்தக்காரர் கைப்பட எழுதிய ஒரு கடிதம்: வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வந்தால் திருப்பித் தருவேன் என்ற கருத்தில். அனுமதியோடு இருந்தவர் ஆட்சியுரிமை கேட்பது லேசில்லை. அதனால் அந்த ஒற்றைக் கடதாசிதான் காணி என்று சொன்னாலும் பிழையில்லை.

அந்தக் கடதாசி இருந்த கோப்பைத்தான் காணவில்லை.

இனி அதே அறையில் இருந்த இன்னொரு அலுமாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கட ஊர்களில் சட்டத்தரணிகள் பலர் நொத்தாரிசும்தான். சேரும் அப்படித்தான். அவருடைய நொத்தாரிசு அலுமாரியில் நாங்கள் ஒரு வேலையும் செய்யவில்லை. செய்ய ஒன்றும் இருக்கவில்லை. முதலாவது உறுதியில் இருந்து கடைசி உறுதி வரை இலக்க வரிசையில், கட்டுக் கட்டாக, எந்த வருசத்து எந்த உறுதியைக் கேட்டாலும் இரண்டு நிமிசத்தில் எடுக்கலாம்.

ஒரே ஆள், ஒரே அறை, ஒரே தூசி. ஒரு அலுமாரி அவ்வளவு ஒழுங்கு, மற்றது அவ்வளவு குழப்பம். ஏன்?

ஏனென்றால் உறுதியைப் பற்றி நொத்தாரிசிடம் கேட்க ஆள் இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச்சட்டம் அவரைச் சும்மா விடாது. ஒவ்வொரு உறுதிக்கும் தொடர் இலக்கம் இருக்கவேண்டும். மூலம் காணிக்காரருக்கு, ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்கு, ஒன்று நொத்தாரிசின் கையில். ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பட்டியலோடு பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். எந்த வரியில் எந்தச் சொல் வெட்டப்பட்டது, எங்கே இடையில் எழுதப்பட்டது என்பதைக்கூட உறுதியின் அடியில் அத்தாட்சிப்படுத்தவேண்டும். நொத்தாரிசு செத்துப்போனால் அவருடைய பிரதிகள் காணிப் பதிவாளரிடம் போய்ச்சேரவேண்டும்.

இதை இன்றைக்கு விற்கிற எந்த மென்பொருளின் விளம்பரத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொடர் இலக்கம், இன்னொரு இடத்தில் பிரதி, திருத்தங்களின் வரலாறு, மாதாந்த அறிக்கை, ஆள் போனாலும் ஆவணம் நிற்பதற்கு ஏற்பாடு. நூறு வருசத்துக்கு முந்தியே, மையிலும் கடதாசியிலும், எங்கட ஊர் அப்புக்காத்துமாரும் புறக்கிறாசிமாரும் இருந்த காலத்திலேயே இது நடந்திருக்கிறது.

வழக்குக் கோப்பைப் பற்றி அப்படி மாதா மாதம் வந்து கேட்க ஒருவரும் இல்லை. நீதிமன்றத்துக்குத் தன் சொந்த வழக்கேடு இருக்கிறது. ஆனால் சட்டத்தரணியின் கோப்பு வேறு. தாக்கல் செய்யாத கடிதங்கள், சாட்சியோடு பேசி எழுதிய குறிப்புகள், கட்சிக்காரர் நம்பிக் கொடுத்த மூல ஆவணங்கள் எல்லாம் அதுக்குள்தான். அந்த அம்மாவின் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். கடிதம் தொலைந்திருந்தால் கேட்க இடம் இல்லை.

சட்டத்தரணி இறந்தால் என்ன நடக்கும் என்பதைச் சட்டம் யோசித்திருக்கிறது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, புறொக்சி கொடுத்த சட்டத்தரணி இறந்தால், வேறொருவரை நியமிக்கச் சொல்லிக் கட்சிக்காரருக்கு அறிவித்து 30 நாள் போகும்வரை அவருக்கு எதிராக வழக்கை நகர்த்தமுடியாது. நல்லது. 30 நாளில் புது சட்டத்தரணியைப் பிடிக்கலாம். பழைய அலுமாரியில் இருந்து கோப்பை எடுத்துத் தர ஆர் இருக்கினம்?

எங்கள் கருத்தை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறோம். கோப்பைப் பராமரிப்பது சட்டத்தரணியின் தனிப்பட்ட பழக்கம் இல்லை. அது கட்சிக்காரரின் உரிமை. மென்பொருள் வாங்குவது அந்த உரிமையை மதிக்கிற ஒரு வழியாக இருக்கலாம். ஆனால் உரிமையை ஏற்காமல் மென்பொருளை வாங்கினால், அலுமாரியில் இருந்த குழப்பம் கணினிக்குள் குடிபோகும், அவ்வளவுதான்.

இந்த மென்பொருள்கள் என்ன செய்கின்றன? 2008இல் கனடாவில் தொடங்கிய கிளியோ இவற்றில் பெயர்பெற்ற ஒன்று. அந்த வகை மென்பொருள்களில் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பக்கம் இருக்கும். அதுக்குள் ஆவணங்கள், கட்சிக்காரரின் விபரம், தவணைத் திகதிகள், செய்யவேண்டிய வேலைகள், கட்டணக் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில். புதிதாக ஒருவர் வந்தால், அவருக்கு எதிரான ஆளுக்காக இதே அலுவலகம் ஏற்கெனவே வேலை செய்திருக்கிறதா என்று பார்க்கலாம். கட்சிக்காரர் தன் வீட்டில் இருந்தே தன் ஆவணங்களைப் பார்க்கவும் வழி உண்டு. நல்ல விசயங்கள்தான். நாங்கள் ஒரு இலவசப் பரீட்சார்த்தக் கணக்குத் திறந்து நாலு நாள் விளையாடிப் பார்த்தோம். பிறகுதான் சிக்கல்கள் தெரிந்தன.

முதலாவது, காசு. அந்த மென்பொருள்களின் பெரிய பகுதி சட்டத்தரணி எவ்வளவு நேரம் வேலை செய்தார் என்பதை அளப்பதற்கு. அமெரிக்காவில் மணித்தியாலத்தைப் பத்தாகப் பிரித்து, 6 நிமிசத்துக்கு ஒரு அலகு என்று கணக்குப் போடுவார்கள். எங்கட ஊரில் தவணைக்கு இவ்வளவு, உறுதிக்கு இவ்வளவு. மீன் வியாபாரிக்குத் தங்கத் தராசு விற்ற மாதிரி.

இரண்டாவது, நாட்காட்டி. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்வதென்றால் 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்கவேண்டும். மனுவை 60 நாளுக்குள் தாக்கல் செய்யவேண்டும். 14 நாளை எண்ணும்போது ஞாயிறும் பொது விடுமுறையும் சேராது. பூரணை தினம் எப்ப வரும் என்று வன்கூவரில் எழுதிய மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது. நாங்கள்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும். சொல்லிக்கொடுக்காமல் அது காட்டுகிற திகதியை நம்பினால், ஒரு குடும்பத்தின் மேன்முறையீட்டு உரிமையோடு விளையாடுகிறோம்.

மூன்றாவது, மொழி. இதுதான் எங்களை ஆகக் கூடுதலாகக் கஷ்டப்படுத்தியது. வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களில் தமிழில் வழக்கு நடக்கிறது. நில அளவைப் படம் ஆங்கிலத்தில். சில பொலிஸ் ஆவணம் சிங்களத்தில். மேல்நீதிமன்றங்களுக்குப் போனால் ஆங்கிலம். ஒரே கோப்பில் மூன்று மொழி. ஒரே மனிதரின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிறப்புப் பதிவில் இன்னொரு மாதிரி. யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணிக்கும் பெயர் இருக்கும். நாவலடி என்றும் கிணற்றடி என்றும் ஒரே ஊரில் இரண்டு மூன்று துண்டுகள் இருக்கலாம். பரப்பும் குழியும் உறுதியில், பேர்ச்சஸ் படத்தில். எதை வைத்துத் தேடுவது?

இதுக்கு மேல் பாமினி. கடந்த இருபது முப்பது வருசத்தில் அந்த அலுவலகத்தில் தட்டச்சு செய்த கிட்டத்தட்ட எல்லாமே பாமினி எழுத்துருவில். கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோட்டில் 'காணி' என்று அடித்துத் தேடினால் ஒன்றும் வராது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வாசிக்கவும் ஏலாது. எழுத்துரு மாற்றுகிற கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றாக மாற்றிச் சரிபார்க்க ஆள் வேண்டும். தமிழ் தெரிந்த ஆள். எங்களை மாதிரிக் கலைப்பீடத்துக்காரருக்கும் இந்த நாட்டில் வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நினைத்தோம்.

சரி, மென்பொருளே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் அதுக்கு எதிராகச் சொல்லப்படுகிற நியாயங்களையும் பார்த்துவிடுவோம்.

"கட்சிக்காரரின் இரகசியத்தை ஆரோ ஒரு வெளிநாட்டுக் கொம்பனியின் கணினியில் போடலாமோ?" சேர் கேட்ட முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. போர்க்காலத்து வழக்குகள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள், பெண்களின் முறைப்பாடுகள் என்று எங்கட கோப்புகளில் இருப்பது வெறும் தகவல் இல்லை, சிலருக்கு உயிர்ப் பிரச்சினை. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. தரவை எங்கே வைக்கிறோம், ஆர் பார்க்கலாம் என்று யோசிக்காமல் இனி எந்த அலுவலகமும் இருக்கமுடியாது. ஆனால் இதே கேள்வியை இப்ப நடக்கிறதிடமும் கேட்கவேண்டும். போட்டோகொப்பிக் கடையில் அரை மணித்தியாலம் விட்டுவைக்கிற கோப்பு இரகசியமா? ஜூனியர்மாரின் கைத்தொலைபேசியில் வட்ஸ்அப்பில் கிடக்கிற உறுதிப் படங்கள் இரகசியமா? எங்களை மாதிரி இரண்டு மாணவர்கள் ஆறு கிழமை எல்லாத்தையும் புரட்டிப் பார்த்தோமே, அது? (முதல் நாளே சேர் எங்களிடம் எழுத்தில் உறுதிமொழி வாங்கினார். அவரைப் பாராட்டவேண்டும்.)

"ஸ்கான் பண்ணிப்போட்டுக் கடதாசியை எறிஞ்சா என்ன?" இது எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்பது. ஏலாது. 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணங்களுக்கு அங்கீகாரம் கொடுத்தது உண்மை. ஆனால் காணி விற்பனை, மரணசாசனம், அற்றோணித் தத்துவம் எல்லாம் அதுக்கு வெளியேதான். காணிக்குக் கடதாசிதான். ஸ்கான் பிரதி தேடுவதற்கு, மூலம் காட்டுவதற்கு.

"கிளாக்கர்மாரின் பிழைப்பு என்ன ஆகும்?" இதுக்குத்தான் எங்களுக்குச் சரியான பதில் இல்லாமல் இருந்தது. மூன்றாம் கிழமை, ஐந்து கோப்பு கிடைக்காமல் போக, கிளாக்கர் ஐயா வீட்டுக்குப் போனோம். கதைக்கக் கஷ்டப்பட்டார். ஆனால் கோப்பின் பெயரைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "யன்னல் பக்க அலுமாரி. மேல் தட்டு. சிவப்பு நாடா கட்டினது." ஐந்தில் மூன்று அவர் சொன்ன இடத்திலேயே இருந்தன. வெளிக்கிடும்போது சொன்னார்: "பிள்ளையள், ஒரு கொப்பியில எழுதி வைச்சிருக்கலாம். ஒருத்தரும் கேக்கேல்லை."

முப்பது வருசம் ஒரு அலுவலகத்தின் நினைவாக இருந்த மனிதரிடம் அந்த நினைவை எழுதி வைக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. மென்பொருள் அவரைத் தேவையில்லாதவராக்கும் என்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அவருக்குத் தெரிந்ததை மதித்து வாங்கி வைத்திருந்தால், அவர் ஓய்வெடுத்திருக்கலாம், அந்த அம்மாவும் அலைந்திருக்கத் தேவையில்லை.

கடைசியில் நாங்கள் செய்தது பெரிய விசயம் ஒன்றும் இல்லை. மென்பொருளை அடுத்த வருசத்துக்குத் தள்ளினோம். எக்செல்லில் ஒரு பட்டியல், யூனிகோட்டில். வழக்கு இலக்கம், நீதிமன்றம், கட்சிக்காரர் பெயர் (எல்லா எழுத்து வடிவங்களும்), காணியின் பெயர், உறுதி இலக்கமும் திகதியும், அடுத்த தவணை, கோப்பு இருக்கிற தட்டின் இலக்கம். ஒவ்வொரு கோப்பின் முதுகிலும் ஒரு இலக்கம். ஒவ்வொரு கோப்பின் முதல் தாளில் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல். கோப்பை எடுத்தால் அந்த இடத்தில் எடுத்தவரின் பெயர் எழுதிய ஒரு மட்டை. மின்வெட்டு வந்தாலும் வேலை செய்யும்.

ஐந்தாம் கிழமை அந்த அம்மாவின் கோப்பு கிடைத்தது. அதே பெயருடைய இன்னொருவரின் கோப்புக்குள், நடுவில் செருகி இருந்தது. கிளாக்கர் ஐயா போன பிறகு ஆரோ அவசரத்தில் வைத்தது. கடிதம் உள்ளே இருந்தது. மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருந்தது. சேர் தானே தொலைபேசி எடுத்துச் சொன்னார். மறுமுனையில் அந்த அம்மா என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. சேர் மூன்று தரம் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றது மட்டும் கேட்டது.

இது ஒரு அலுவலகத்தின் கதை. ஆனால் இப்படி ஒரு அலுமாரி ஒரு இடத்தில் மட்டும் இருக்கும் என்று நாங்கள் நம்பவில்லை. ஆகவே மூன்று விசயங்களைக் கேட்கிறோம்.

ஒன்று, மூல ஆவணம் எதையும் சட்டத்தரணி வாங்கினால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும். அடகுக் கடையில் மோதிரத்துக்குத் துண்டு தருகிறார்கள். காணி உறுதிக்கு ஏன் தரக்கூடாது?

இரண்டு, கட்சிக்காரருக்குத் தன் கோப்பின் ஒரு முழுப் பிரதி கிடைக்கவேண்டும். கடதாசியாகவோ படமாகவோ. 1995இல் சனம் மழைக்குள் நடந்தபோது உறுதியைச் சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டுதான் நடந்தது. கடதாசியைப் பாதுகாக்கிறதை எங்கட அம்மாக்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

மூன்று, நொத்தாரிசுக்கு இருக்கிற மாதிரி, சட்டத்தரணி இறந்தால் அல்லது தொழிலை விட்டால் கோப்புகள் ஆரிடம், எத்தனை நாளுக்குள் போகவேண்டும் என்பதுக்குத் தெளிவான ஒழுங்கு ஒன்றைச் சட்டத்தரணிகள் சங்கம் முன்வைக்கவேண்டும்.

இதை வாசிக்கிற சட்ட மாணவர்களே, நாளைக்கு உங்கட பெயர்ப்பலகை தொங்கும். அன்றைக்கு எந்த மென்பொருளை வாங்கினாலும் வாங்குங்கோ. அதுக்கு முதல், ஒரு கொப்பி வாங்கி உங்கட முதலாவது கோப்பின் இலக்கத்தை எழுதுங்கோ. மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேலை. இண்டைக்கு வீட்டில் கேட்டுப் பாருங்கோ: எங்கட காணி உறுதி எங்கே கிடக்கு? மூலம் ஆரிடம்? கொடுத்ததுக்கு ஏதும் துண்டு இருக்கா?